ஜாப் கார்டு எண் 2217

என் வேலை, வந்துடும் சார் என்பது.
ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வேன்.
காலையில் அதில் கொஞ்சம் நம்பிக்கை இருக்கும்,
மூன்று மணிக்கு மேல்
வாய் மட்டும் சொல்லும்.

இடும்பாவனம் வேதையனின் வண்டி
ஆடி இரண்டாம் தேதி லாரி மேல் ஏறி
தஞ்சாவூருக்கு வந்தது.
சார்ஜ் ஏறவில்லை.
மாட்டினால் பச்சை விளக்கு ஒரு தடவை மினுக்கி
செத்துப் போகிறது.
ஆன்போர்டு சார்ஜர் போச்சு என்றான் ஜூலியன்.
டிபன் கேரியர் உயரத்துக்கு ஒரு பெட்டி,
அவ்வளவுதான் அக்கா, வந்தால் அரை நாள் வேலை.
வந்தால்.

வாரா வாரம் செவ்வாய்க்கிழமை
இரண்டு பஸ் மாறி வருகிறார்.
முதல் மாதம் கோபப்பட்டுப் பார்த்தார்.
தவணை மட்டும் அஞ்சாம் தேதி தவறாம போவுதும்மா,
அதுக்கு எந்த பார்ட்டும் வேண்டியதில்ல என்றார்.
சிரித்துவிட்டேன். அதற்கும் கோபப்பட்டார்.
இப்போதெல்லாம் நேரே யார்டுக்குப் போய்
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்.
ஸ்டியரிங்கில் ஒரு கை.
நிற்கிற வண்டியிலும்
பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொள்கிறார்
பின்னால் எவனாவது வருகிறானா என்று.

எங்கேதான் நிக்குது என்று கேட்டார் ஒருநாள்.
கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன்.
புனேயிலிருந்து ஓசூர் கிடங்கு,
ஓசூரிலிருந்து திருச்சி,
திருச்சியிலிருந்து நாங்கள்.
விரலால் திரையில் வழியைத் தடவிப் பார்த்தவர்
அப்ப நாம இதுலயும் கடைமடைதான் என்றார்.
மேட்டூர்ல தொறந்துட்டான்னு டிவியில பூத்தூவிக் காட்டுவான்,
எங்க வாய்க்கால்ல நண்டு வளை நனைய
இன்னும் மூணு வாரம் ஆகும்.
நனைஞ்சா.

பேசிக்கொண்டே ஷோரூம் பக்கம் திரும்பினார்.
அங்கே ஏ.சி.யில் ஆறு வண்டிகள்,
அதே மாடல், பானெட்டில் சிவப்பு ரிப்பன்.
ஆயுத பூஜைக்குள் தள்ளிவிட வேண்டும் என்று
மேனேஜர் பறந்துகொண்டிருந்தார்.
அதுல எல்லாம் அந்தப் பெட்டி இருக்கா?
இருக்கு சார்.
ஆறுலயும்?
ஆறுலயும் சார்.
ஒன்றும் சொல்லவில்லை.
மேல்மடைக்காரன் வயலில் தண்ணீர் வரப்பேறி வழிவதை
சைக்கிளை நிறுத்திப் பார்ப்பவர் மாதிரி
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார்
கொஞ்ச நேரம்.
நான் பிரிண்டரில் தாள் வைக்கப் போனேன்.
தாள் இருந்தது.

புரட்டாசிக் கடைசியில் பெட்டி வந்தது.
ஜூலியன் பிரித்தான்.
போன வருஷ மாடலுக்கானது, பிளக் பொருந்தவில்லை.
அன்றைக்கு அவருக்கு நான் போன் செய்யவில்லை.
அடுத்த செவ்வாய் அவரும் வரவில்லை.

ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் அடித்தது.
வண்டியின் சின்ன பேட்டரியும் இறங்கிப் போய்
பின்பக்கக் கண்ணாடி ஒன்று
மேலே ஏறாமல் பாதியில் நின்றிருக்கிறது.
யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.
ஐந்தாம் நாள் தார்ப்பாயோடு ஓடிக் கதவைத் திறந்தால்
மிதியடியில் விரற்கடைத் தண்ணீர்,
அதில் ஊசி ஊசியாய்ப் பச்சை.
எப்போதோ விதை மூட்டை ஏற்றியிருக்கிறார்.
சீட்டுக்கடியில் சிந்திக் கிடந்தது
யாரையும் கேட்காமல் முளைத்துவிட்டது.

ஜூலியன் வாக்குவம் கிளீனரை இழுத்து வந்தான்.
இருடா என்றேன்.

போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்,
தப்பான பெட்டியை,
மறுபடி ஆர்டர் போட்டதை,
கடைசியாக இதை.
அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு,
அது சி.ஆர். ஆயிரத்து ஒம்பதும்மா,
அறுக்க நூத்தம்பது நாளுக்கு மேல ஆகும்.
உங்க பெட்டி அதுக்கு முன்னாடி வருமா?

வந்துடும் சார் என்றது வாய்.

ஜாப் கார்டை எடுத்தேன்.
வண்டியில் உள்ள பொருட்கள் என்ற கட்டத்தில்
ஜாக்கி, குடை, முருகன் படம்,
அதற்குக் கீழே நாற்று என்று எழுதினேன்.
பக்கத்துக் கட்டம் எண்ணிக்கை கேட்டது.
செருப்பைக் கழற்றிவிட்டு
குனிந்து எண்ண ஆரம்பித்தேன்.